விறைத்த கறியும் விடாத பிடியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் பெங்களூர் சிவாஜிநகர் போய்ச் சேர்ந்துவிட்டால் வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும், பாய் கடையில் தொடைக்கறியும் கிடைக்கும். எட்டாகிவிட்டால் இரண்டும் கிடையாது. போன வாரம் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது படிக்கிறாள், கறிக்கடைக்கு முதல் தடவை. பாய் அப்போதுதான் உரித்துத் தொங்கவிட்டிருந்த ஆட்டின் தொடையிலிருந்து ஒரு துண்டை அறுத்துக் கட்டையில் போட்டார். அது துடித்தது. பெரிய துடிப்பில்லை, கண்ணிமை சும்மா அடித்துக்கொள்ளுமே, அந்த மாதிரி. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஆடுதான் செத்துப்போச்சே, அப்புறம் எப்படிப்பா அசையுது?" என்றாள்.

பாய் முந்திக்கொண்டார். "செத்தது ஆடுதான் பாப்பா. கறிக்கு இன்னும் சேதி வரல."

அப்புறம் என்னைப் பார்த்து, "இதை இப்பவே அடுப்புல ஏத்தாதீங்க தம்பி. துடிப்பு நிக்கும், கட்டை மாதிரி விறைக்கும், அப்புறம் தானா விட்டுடும். ஃபிரிட்ஜ்ல வெச்சு நாளைக்குச் செய்யுங்க, பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார்.

பாய் சொன்ன முதல் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அளவுக்குச் சரி. இரண்டாவதில் ஒரே ஒரு சொல்தான் எனக்கு இடித்தது. தானா விட்டுடும். விடாது. நாளைக்குக் கறி மெத்தென்று ஆகும் என்பது உண்மை, ஆனால் எது எதைப் பிடித்துக்கொண்டு விறைத்ததோ அந்தப் பிடி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை மகளுக்கு விளக்கப் பார்த்தேன், கோல்ஸ் பார்க் சிக்னல் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. இப்போது செய்யும் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இருபத்திரண்டு வயதில் இதே பெங்களூரில் ஒரு ஆய்வகத்தின் 4 டிகிரி குளிர் அறையில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கோழி நெஞ்சுக்கறியிலிருந்து தசைப் புரதங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தேன். யஷ்வந்த்பூரில் கோழி வாங்கும்போது "தோலெல்லாம் வேணாம், எலும்பு வேணாம், மசாலாவுக்கு வெட்டவும் வேணாம், அப்படியே குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். அதைக் கொண்டுபோய் அரைத்து, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, சுழற்றி, மறுபடியும் சுழற்றி, கடைசியில் இரண்டு குப்பிகள் கிடைக்கும். ஒன்றில் மயோசின், இன்னொன்றில் ஆக்டின்.

தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் சாது. அடர்ந்த உப்புக் கரைசலில் ஒன்றோடொன்று கலந்தால் குப்பியைச் சாய்த்தாலும் ஓடாத அளவுக்குக் கெட்டியாகும், கேழ்வரகுக் கூழ் ஆறினால் எப்படி இருக்குமோ அப்படி. அதில் ஒரு சொட்டு ஏடிபி விட்டால், அடுத்த நொடி தண்ணீர். எனக்கு அன்று மயிர்க்கூச்செறிந்தது. ஏடிபி என்றால் உடம்பின் எரிபொருள், தசை சுருங்குவதற்கான சக்தி என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை மனப்பாடம் செய்திருந்தேன். கண்முன் பார்த்ததோ வேறு. ஏடிபி வந்ததும் முதலில் நடப்பது சுருக்கமில்லை, விடுவிப்பு. பிடித்துக்கொள்ள அந்த இரண்டுக்கும் யாருடைய தயவும் வேண்டாம், விடுவதற்குத்தான் ஏடிபி வேண்டும். செத்த ஆட்டில் ஏடிபி தீர்ந்ததும் ஆக்டினைப் பிடித்த மயோசின் பிடித்தபடியே நின்றுவிடுகிறது, பிணம் விறைப்பது அதனால்தான்.

அடிப்படையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். தசைக்குள் மெல்லிய இழை ஆக்டினால் ஆனது, தடித்த இழை மயோசினால் ஆனது. இரண்டும் நீளம் மாறாமல் ஒன்றின் இடையில் ஒன்று வழுக்கிப் போவதுதான் சுருக்கம். 1954இல் ஒரே நேச்சர் இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு கட்டுரைகள் இதைச் சொல்லின. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும் எழுதியது, இன்னொன்று ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது, அது எல்லாருக்கும் வரும் சந்தேகம். தடித்த இழையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மயோசின் தலைகள் ஆக்டினைப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடியும் பிடிக்கின்றன. ஒரு தடித்த இழையில் கிட்டத்தட்ட 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைகள்.

சரி, அந்தத் தலைக்கு ஆக்டினை எப்படித் தெரிகிறது? செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன, வெளிச்சம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. புரதங்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதைப் பள்ளியில் பூட்டும் சாவியும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். எமில் ஃபிஷர் 1894இல் என்சைம்களுக்குச் சொன்ன உவமை அது, அந்த இடத்துக்கு நல்ல உவமைதான். தசைக்கு ஒத்துவராது. சாவி பூட்டில் பொருந்தி மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது, மயோசின் தலை ஆக்டினில் மாட்டிக்கொண்டால் ஆளே முடிந்தான்.

உண்மையில் நடப்பது கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் சென்னை ரயிலில் வரும் சித்தப்பாவைத் தேடுவது மாதிரி. முதலில் தூரத்திலிருந்து நடையை வைத்து, உயரத்தை வைத்து ஒரு உத்தேசம், கிட்டே வந்ததும் முகம். ஆக்டினின் ஒரு நுனியில் எதிர்மின் ஏற்றம் கொண்ட அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. மயோசின் தலையில் ஒரு தளர்ந்த வளையம் உண்டு, அதில் லைசின் என்கிற அமினோ அமிலங்கள், எல்லாம் நேர்மின். இந்த வளையத்துக்கு நிலையான வடிவமே கிடையாது, படிகத்தில் எக்ஸ்-கதிர் படம் எடுத்தால்கூடத் தெரியாத அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கும். கயிற்றை வீசுகிற மாதிரி அதுதான் முதலில் போய் ஒட்டுகிறது. இந்த முதல் ஒட்டு பலவீனமானது, கரைசலில் உப்பைக் கூட்டினால் மின் ஈர்ப்பு மங்கி அது இன்னும் தளர்ந்துபோகும். ஒட்டிய இடத்தில் தலை தடவித் தடவிப் பார்க்கிறது, பொருந்தவில்லையென்றால் விலகிவிடும்.

பொருந்தினால்தான் அடுத்த கட்டம். தலையின் கீழ்ப்பகுதியில் நீருக்கு ஒவ்வாத பக்கச்சங்கிலிகள் கொண்ட ஒரு மேடு இருக்கிறது, ஆக்டினிலும் அதே குணமுள்ள ஒரு பள்ளம். இரண்டும் நெருங்கும்போது நடுவில் இருந்த தண்ணீர் மூலக்கூறுகள் பிதுங்கி வெளியேறுகின்றன. அந்தத் தண்ணீர் வெளியே போனதுதான் பிடியின் பலத்தில் பெரும்பங்கு, ஈரம் துடைத்த கண்ணாடித் தட்டில் உறிஞ்சுகொக்கியை அழுத்தினால் எப்படிக் கவ்வுமோ அப்படி என்று சொல்லலாம், இயற்பியல் வேறென்றாலும். இன்னொரு சங்கதி, தலை ஒரு ஆக்டினை மட்டும் பிடிப்பதில்லை, பக்கத்து ஆக்டினின் ஒரு வளையத்தின் மேலும் கால் வைக்கிறது. அதாவது இழையாகக் கோத்திருக்கும் ஆக்டினைத்தான் அது முழுதாக அடையாளம் காண்கிறது, தனியே மிதக்கும் ஆக்டினில் அந்த இரட்டைப் பிடி கிடைக்காது.

இதெல்லாம் நடக்கும்போது மயோசின் தலையும் சும்மா இல்லை. அதன் நடுவில் ஆழமான பிளவு ஒன்று, வாய் மாதிரி. ஆக்டினை இறுகப் பிடித்தால் அந்த வாய் மூடுகிறது. வாய் மூடினால் சில நானோமீட்டர் தள்ளி, தலையின் வேறொரு இடத்தில் இருக்கும் ஏடிபி அறையில் அசைவு, அங்கே ஏற்கனவே உடைந்து கிடக்கும் ஏடிபியின் பாஸ்பேட் துண்டு வெளியேறுகிறது, வால் பக்கம் இருக்கும் நெம்புகோல் வீசுகிறது, இழை 5 முதல் 10 நானோமீட்டர் நகர்கிறது. புது ஏடிபி வந்து அந்த அறையில் உட்கார்ந்ததும் இதே வழியில் சேதி திரும்பிப் போய், பிளவு திறந்து, பிடி பல ஆயிரம் மடங்கு தளர்கிறது. வாசலில் தட்டினால் கொல்லைக்கதவு திறக்கும் வீடு. ஒரு இடத்தில் பிடித்தால் இன்னொரு இடம் மாறுகிறது, அந்த இடம் மாறினால் முதல் இடத்தில் பிடி விடுகிறது. என் கணக்கில் இந்தத் தொலைதூரப் பேச்சுதான் தசையின் மொத்த சாமர்த்தியமும், பொருந்தும் வடிவமெல்லாம் அதற்கு அப்புறம்.

இந்தப் படம் கிடைக்கப் பட்ட பாடு தனிக் கதை. எக்ஸ்-கதிரில் வடிவம் பார்க்க முதலில் புரதத்தைப் படிகமாக்க வேண்டும், பிடித்துக்கொள்ளத் துடிக்கும் புரதங்களைப் படிகமாக்குவது மகா கொடுமை. ஆக்டின் உப்பைக் கண்டாலே தன் இனத்தோடு கோத்துக்கொண்டு இழையாகிவிடும், படிகத்துக்கு வராது. (எனக்கே நடந்தது. ஒரு நாள் அவசரத்தில் உப்பைத் தப்பான படியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன், மூன்று நாள் வேலை மறுநாள் காலையில் குப்பிக்குள் ஜெல்லியாக உட்கார்ந்திருந்தது. வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.) அதனால் கப்ஷும் ஹோம்ஸும் அவர்கள் குழுவும் ஆக்டினின் மேல் டிஎன்ஏஸ் என்கிற வேறொரு புரதத்தை அடைப்பானாக ஒட்டவைத்து 1990இல் வடிவத்தைக் கண்டார்கள். மயோசின் தலையை ரேமெண்ட் குழு 1993இல் கண்டது, கோழித் தசையிலிருந்துதான், லைசின்களின் மேல் மெத்தில் தொகுதிகளை ஏற்றிய பிறகே அது படிகமானது. இரண்டையும் பொருத்திப் பார்த்தபோதுதான் பிடியின் முதல் நல்ல படம் கிடைத்தது. இப்போது குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துவிட்டது, படிகமே வேண்டாம், பிடித்த நிலையிலேயே உறையவைத்துப் பார்க்கிறார்கள். அந்த முறையிலும் புரத மாதிரி கட்டி முடித்ததும் எல்லாரும் ஓடிப்போய்ச் சரிபார்ப்பது, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில்தான். ஜி. என். ராமச்சந்திரனும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் குழுவினரும் 1963இல் வெளியிட்டது, அவர் அப்புறம் இங்கே இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார்.

இவ்வளவு ஆசையாகப் பிடிக்கும் இரண்டு புரதங்களை எப்போதும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தசை எப்படித் தளர்ந்திருக்க முடிகிறது? நடுவில் ஒரு நூல் இருக்கிறது. காந்தி பஜாரில் பூக்கட்டும் அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். ஆக்டின் இழை நெருக்கிக் கட்டி முறுக்கிய மல்லிகைச் சரம் மாதிரி, அதன் பள்ளத்தை ஒட்டி ட்ரோபோமயோசின் என்கிற நூல். ஒரு ட்ரோபோமயோசின் ஏழு ஆக்டின்களின் நீளம். இரண்டு சுருள்கள் பின்னிக்கொண்ட கயிறு அது, ஏழு அமினோ அமிலங்களுக்கு ஒரு முறை திரும்பும் ஒழுங்கில் ஒன்றின் முண்டு இன்னொன்றின் குழியில் உட்காரும், அந்தப் பொருத்தத்தை டிஎன்ஏ புகழ் கிரிக் 1953லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், பூக்கட்டும் நூல் போல இது முடிச்சுப் போட்டு இறுகவில்லை. தனி ட்ரோபோமயோசின் ஒன்றை ஆக்டினில் விட்டால் ஒட்டவே ஒட்டாது என்கிற அளவுக்கு பலவீனம். முனையோடு முனை சேர்ந்து நீளக் கயிறானதும் வளைவுக்கு வளைவு ஒத்துப்போய் இழையின் மேல் மிதந்த மாதிரி கிடக்கிறது. கிடக்கும் இடம் மயோசின் தலை பிடிக்க வேண்டிய இடம். இறுகிப் பிடித்திருந்தால் நகர்த்த முடியாது, அதனால் பட்டும் படாமலும்.

நகர்த்துவது ட்ரோபோனின், எபாஷி என்ற ஜப்பானியர் 1960களில் கண்டது. கால்சியம் வந்தால் ட்ரோபோனினின் ஒரு துண்டு தன் மடிப்பைத் திறந்து நீருக்கு ஒவ்வாத ஒரு பள்ளத்தைக் காட்டும், ஆக்டினைப் பற்றியிருந்த இன்னொரு துண்டு அதை விட்டுவிட்டு இந்தப் பள்ளத்துக்குத் தாவும், நூல் விலகும், தலைகள் பாயும். பாய் கடையில் துடித்த துண்டு இதுதான். கத்தி பட்டதில் நாரின் சவ்வு கிளர்ந்து கால்சியம் கொட்டியது, ஏடிபி இன்னும் மிச்சமிருந்ததால் பிடிக்கவும் முடிந்தது, விடவும் முடிந்தது. கறிக்கு இன்னும் சேதி வராதது இப்படித்தான்.

இதயத்தில் இன்னும் ஒரு நுணுக்கம். ஓய்வில் இருக்கும் மயோசின்களில் பலவற்றின் இரண்டு தலைகளும் பின்னால் மடங்கி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, தங்கள் வாலின் மேலேயே சாய்ந்து தூங்குகின்றன. ஆக்டினைப் பிடிக்கும் முகம் உள்பக்கம் மாட்டிக்கொள்வதால் ஏடிபி செலவும் குறைவு. மயோசின் பிணைப்புப் புரதம் சி என்கிற ஒரு நீளப் புரதம் தன் கடைசிக் கண்ணிகளை மயோசின் வால்களின் மேல் படுக்கவைத்து, மடங்கிய தலைகளையும் தொட்டுக்கொண்டு காவல் இருக்கிறது, 2023இல் வந்த தடித்த இழைப் படங்களில் இது நேராகவே தெரிகிறது. இதை ஏன் இழுக்கிறேன் என்றால், இது நம் வீட்டு விஷயம். அந்தப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009இல் இந்திய ஆய்வாளர்கள் முன்னின்று எழுதிய கட்டுரை நேச்சர் ஜெனடிக்ஸில் வந்தது. நிரம்பி வழியும் 500டி பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தால் இரண்டு பேர். எழுத்துகள் விடுபட்டதால் மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும் வேலை தடுமாறி, புரதத்தின் கடைசிக் கண்ணி உருமாறிப்போகிறது. மயோசின் வாலை அடையாளம் கண்டு நங்கூரம் போடும் கண்ணி அதுதான். இந்த வடிவம் உள்ளவர்களுக்கு, குறிப்பாக நடுவயதுக்கு மேல், இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்றார்கள். எல்லாருக்கும் வருவதில்லை. இவர்களில் ஒரு சிறு பங்கினரிடம் அதே மரபணுவில் கூடவே இருக்கும் இன்னொரு மாற்றம்தான் அதிகத் தொல்லை தருகிறது என்று 2018இல் வேறொரு ஆய்வு திருத்தியது. அதனால் பயந்து ஓட வேண்டாம். குடும்பத்தில் இதயத்தசை தடித்தவர்கள் இருந்தால் ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இனி விடவே கூடாத பிடிகள். மயோசின் இழுக்கிறது என்றால் ஆக்டின் இழையின் மறுமுனை எங்கேயாவது கட்டியிருக்க வேண்டுமே. அந்த முளைக்கம்பத்துக்கு இசட் வட்டு என்று பெயர். அங்கே ஆல்ஃபா ஆக்டினின் என்கிற புரதம் தலைமாறிப் படுத்த இரட்டையராக, இந்தப் பக்கத்து ஆக்டினையும் அந்தப் பக்கத்து ஆக்டினையும் சேர்த்துக் கட்டுகிறது. டைட்டின் என்கிற ராட்சதனும் அங்கேதான் வந்து முடிகிறான். முப்பதாயிரத்துக்கும் மேல் அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி, நம் உடம்பின் மிகப் பெரிய புரதம், இசட் வட்டிலிருந்து தடித்த இழையின் நடு வரைக்கும் ஒரே ஆளாக நீள்கிறான். அவனுடைய நுனியை டெலிதோனின் என்கிற சின்னப் புரதம் இன்னொரு டைட்டினின் நுனியோடு சேர்த்துப் பிடிக்கிறது. 2006இல் இதன் படிக வடிவம் வந்தபோது நான் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். ஏனென்றால் இங்கே மேடும் பள்ளமும் பொருந்துகிற கதையே இல்லை. டெலிதோனினின் இழைப்பட்டைகள் டைட்டினின் இழைப்பட்டைகளுக்குப் பக்கத்தில் பாவோடு ஊடாகச் சேர்ந்து, மூன்று புரதங்களும் ஒரே துணியாக நெய்துகொள்கின்றன. டெலிதோனினைத் தனியாக விட்டால் ஒழுங்கான வடிவமே எடுக்காது. இந்த இணைப்பைப் பிரிக்க, தசை இழுக்கும் திசையில் இழுத்தால், 700 பைக்கோநியூட்டன் அளவுக்கு விசை வேண்டும் என்று ஒற்றை மூலக்கூறைப் பிடித்து இழுத்து அளந்திருக்கிறார்கள். ஒரு மயோசின் தலை தரும் இழுப்பு சில பைக்கோநியூட்டன்தான். வேறு திசையில் இழுத்தால் இதே இணைப்பு சுலபமாகப் பிரிந்துவிடும். எந்தப் பக்கம் பாரம் வருமோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் பலம்.

பாயின் வாக்கியத்துக்கு வருகிறேன். விறைத்த கறி மறுநாள் எப்படித் தளர்கிறது? ஆக்டினும் மயோசினும் விடவில்லை, விட ஏடிபி இல்லை. கால்சியம் கசிந்ததில் கால்பெயின் என்கிற வெட்டும் புரதம் விழித்துக்கொண்டு, டைட்டினை, ஆக்டின் இழையை ஒட்டி ஓடும் நெபுலினை, இசட் வட்டுகளைச் சுற்றியிருக்கும் டெஸ்மினை எல்லாம் நறுக்க ஆரம்பிக்கிறது. ஏடிபி கொடுத்து விடுவித்தால் விட்டிருக்கும் பிடி மிஞ்சுகிறது, ஆயுளுக்கும் விடக்கூடாத ராட்சதன் துண்டு துண்டாகிறான். கைகோத்து நின்ற கூட்டத்தில் கை எதுவும் விடவில்லை, தோள்பட்டைகள் கழன்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் குளிரில் ஒரு நாளாவது வேண்டும். காலை ஏழுக்கு வாங்கிப் பதினோரு மணிக்குக் குழம்பு வைக்கும் எங்கள் வீட்டில் கறி ஏன் எப்போதும் ரப்பராக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் குக்கரில் இன்னும் நாலு விசில் விடுவோம், அது தசையைச் சுற்றியிருக்கும் கொலாஜன் என்கிற புரதத்தை ஜெலட்டினாகக் கரைப்பதற்கு. கொலாஜனின் மூவிழை முறுக்கைச் சொன்னதும் ராமச்சந்திரன்தான்.

நேற்று மறுபடியும் போனேன். கூட்டம் குறைவு. இந்த மொத்தக் கதையையும் இரண்டு நிமிடத்துக்குச் சுருக்கி, "அது விடறதில்ல பாய், பக்கத்துல இருக்கிறதெல்லாம் அறுந்துபோகுது" என்றேன். பாய் கத்தியைத் தீட்டிக்கொண்டே முழுதும் கேட்டார்.

"எது அறுந்தா என்ன தம்பி, நான் அன்னைக்குச் சொன்ன மாதிரி மறுநாள் செஞ்சீங்களா, இல்லியா?"

இல்லை என்றேன். அரைக் கிலோவைத் தனியாகக் கட்டி, "இதை இன்னைக்குத் தொடாதீங்க" என்று பொட்டலத்தின் மேல் பேனாவால் பெரிதாகத் திங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.